குண்டான் மாறிய கிறிஸ்துமஸ்

டிசம்பர் பிறந்தால் போதும், எனக்கு எரிச்சல் ஆரம்பித்துவிடும். அறுபதை நெருங்குகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பேரப்பிள்ளைகளுக்குத் துணி எடுக்க வேண்டும். எடுத்த துணி பிடிக்காது. மாற்றப் போனால் கடைக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். மகள் போனில் கேக் படம் அனுப்பி "இது மாதிரி செய்யலாமாம்மா" என்று கேட்பாள், செய்யப்போவது நான். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவியதும் என் அம்மா ஒரு கதை சொல்வாள். நாற்பத்தெட்டு வருஷமாக அதே கதை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கும், எல்லோருக்கும் மனப்பாடமாக, நிறுத்தச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லாமல். அந்தக் கதையின் இன்னொரு பாதி என்னிடம் இருக்கிறது. இத்தனை வருஷம் அதைச் சுமந்து எனக்குத் தோள் வலிக்கிறது, அதனால் உங்களிடம் இறக்கி வைக்கிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருந்தது பழவேற்காடு ஏரிக்குள் ஒரு சின்னக் குப்பம், பசியாவரத்துக்கும் அந்தப் பக்கம். வேதக்காரர்கள், அதாவது எங்களைப் போன்ற கிறிஸ்தவர்கள், மூன்றே வீடு. பூசைக்குப் பழவேற்காட்டுக் கோயிலுக்குத்தான் வர வேண்டும். அதற்குப் படகில் ஒன்றரை மணி நேரம், வாடைக்காற்று எதிரில் அடித்தால் இரண்டு. இந்தக் கரையிலும் சேறு, அந்தக் கரையிலும் சேறு. முழங்கால் வரை இறங்காமல் படகில் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது.

அதனால் எங்கள் பக்கம் ஒரு வழக்கம். நல்லதுக்குப் போனாலும் கெட்டதுக்குப் போனாலும் உடம்பில் பழைய துணி, நல்ல துணி குண்டானில். அலுமினியக் குண்டானில் துணியை மடித்து வைத்து, மூடி போட்டு, மூடி நழுவாமல் இருக்க ஒரு துண்டைச் சுற்றி இறுக்கி முடிந்துவிடுவார்கள். அக்கரையில் காலைக் கழுவி, காயப்போட்ட வலை மறைவில் நின்று மாற்றிக்கொள்வார்கள். கல்யாண நாட்களில் அந்தக் கரையில் குண்டானுக்குள்ளிருந்து பட்டுச்சேலையாக வந்துகொண்டே இருக்கும். பார்க்கிற வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிப்பவர்கள் ஒரு தடவை அந்தச் சேற்றில் இறங்கிப் பார்க்கட்டும்.

அம்மா ஏரிக்காரி இல்லை. பொன்னேரிப் பக்கம், நெல் விளைகிற ஊர். சின்ன வயதிலேயே தாய் தகப்பனைப் பறிகொடுத்தவள். வளர்த்து ஆளாக்கியது அவளுடைய அண்ணன்தான். அந்த மாமா அரிசி மில்லில் வேலை பார்த்தார். எங்கள் நைனாவை அம்மா கட்டிக்கொண்டதில் அவருக்குத் துளியும் விருப்பமில்லை. கல்யாணத்தன்று கோயில் வாசலிலேயே நின்று, "உப்புத்தண்ணி நடுவுல போய்க் குடும்பம் நடத்தப் போறியா. நாளைக்கு ஒம் புள்ளைங்க துணி இல்லாம சேத்துல பொரளும். அதப் பாக்க நா வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர், பதினோரு வருஷம் எட்டிப் பார்க்கவில்லை. அம்மாவும் போகவில்லை. ஆனால் எங்களில் ஒருவர் துணி இல்லாமல் வாசலில் இறங்கினால் போதும், அவளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வருமோ, முதுகில் ஒன்று விழும்.

எனக்குப் பத்து வயது. எனக்குக் கீழே ஏழு வயதில் தங்கை, ஐந்து வயதில் தம்பி, பிறகு ஒரு கைக்குழந்தை. அந்த டிசம்பரில் எங்கள் குப்பத்துக்கு மீன் எடுக்க வரும் வியாபாரி அம்மா ஒரு சேதி கொண்டுவந்தாள்.

"ஒங்கண்ணன மில்லாண்ட பாத்தேன். கிறிஸ்மஸ் காலைப் பூசைக்குப் பழவேற்காடு வராராம். புள்ளைங்கள இட்டுனு வரச் சொன்னாரு."

அம்மா இறால் உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. "புள்ளைங்களனு அவரே சொன்னாரா?"

"அவரு வாயால சொன்னாரு."

இப்போது யோசித்தால், "முடிஞ்சா வரேன்" என்று பேச்சுவாக்கில் ஏதாவது சொல்லியிருப்பார். வியாபாரி அம்மா அதில் பாதியை வழியில் தவறவிட்டு மீதியைக் கொண்டுவந்து சேர்த்திருப்பாள். பெரியவர்கள் சேதி சொல்கிற லட்சணம் எப்போதும் அப்படித்தான்.

அன்றிலிருந்து எங்களுக்குப் பிடித்தது சனி. தினமும் தலைக்கு எண்ணெய், பேன் சீப்பு. வறண்ட காலைத் தேங்காய் நாரால் தேய்த்தே தோலை உரித்தாள். "தோத்திரம் மாமா" என்று சொல்லத் தங்கைக்குப் பயிற்சி. அவள் வேண்டுமென்றே ஒவ்வொரு தடவையும் வேறு குரலில் சொல்வாள். கிறிஸ்துமஸ் குடிலுக்கு ஏரிக் களிமண்ணில் ஆடு செய்யச் சொன்னால் தம்பி நண்டாகச் செய்து தள்ளினான். இடையர்களைச் சுற்றி ஒன்பது நண்டு. பெரிய தொல்லையும் அவன்தான். அவனுக்குத் துணி என்றாலே ஆகாது. சட்டையை மாட்டிவிட்டால் இரண்டு நிமிஷத்தில் எங்காவது கழற்றிப் போட்டுவிட்டு அரைஞாண் கயிற்றோடு திரும்பி வருவான்.

"அன்னிக்கு ஒரு நாள் மட்டும் போட்டுக்கடா கண்ணு. மாமா பாத்துட்டுப் போயிட்டப்புறம் அவுத்துப் போடு" என்று அம்மா அவன் மோவாயைப் பிடித்துக் கெஞ்சுவாள். அவள் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

துணி எடுத்தது பழவேற்காட்டில். ரோஸ் நிறத்தில் வெள்ளைப்பூ போட்ட துணி, ஒரே பீஸில் எனக்குப் பாவாடை சட்டை, தங்கைக்கு கவுன், தம்பிக்குச் சட்டை. அம்மாவுக்கு ஊதா நைலக்ஸ் சேலை. அந்தப் புதுத்துணியின் கஞ்சி வாசனைக்காக நானும் தங்கையும் மாறி மாறி அதில் மூக்கை வைத்து அடி வாங்கினோம்.

கிறிஸ்துமஸ் அன்று விடிந்ததும் கிளம்பினோம். நைனா கழி ஊன்றினார். நான் பழைய பாவாடையைத் தொடைக்கு மேல் செருகியிருந்தேன். தங்கை மேல் நைனாவின் கிழிந்த பனியன். தம்பிக்கு வெறும் டவுசர், அதிலும் பொத்தான் இல்லை. நடுவில் துண்டு கட்டிய குண்டான். குழந்தை அம்மாவின் தோளில் பாலைக் கக்கியது. தங்கைக்கு ஒன்றுக்கு வந்தது. தம்பி கையைத் தண்ணீரில் விட்டு என் மேல் அடித்தான். தூரத்தில் பூநாரைகள் கூட்டமாக நின்றன, யாருக்கும் பார்க்கப் பொழுதில்லை. அம்மா ஒவ்வொருவராகத் திட்டிக்கொண்டே வந்தாள். ஆனால் அவள் முகம் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது.

அக்கரைக்கு வந்து, சேற்றைக் கழுவி, வலை மறைவில் நின்றோம். கோயிலில் முதல் மணி அடித்தது. அம்மா முடிச்சை அவிழ்த்து மூடியைத் திறந்தாள்.

உள்ளே காய்ந்த இறால். குண்டான் நிறைய.

வீட்டில் ஒரே அளவில் இரண்டு குண்டான் இருந்தன. இரண்டுக்கும் அதே மாதிரித் துண்டு, அதே மாதிரி முடிச்சு. ஒன்றில் எங்கள் துணி, இன்னொன்றில் வியாபாரி அம்மாவுக்காகச் சேர்த்து வைத்த இறால். ஒன்றரை மணி நேரம் அந்தக் குண்டானைச் சுற்றி உட்கார்ந்து வந்தோமே, ஒருத்தருக்காவது நாற்றம் தெரியவில்லையா என்று கேட்பீர்கள். எங்கள் படகே அந்த நாற்றம்தான், எங்கள் வீடும் அதுதான். எங்கள் மூக்குக்கு அது ஒன்றுமே இல்லை. குண்டானை எடுத்தது யார் என்ற சண்டை இன்றைக்கும் தீரவில்லை. தங்கை என்னைச் சொல்கிறாள், நான் நைனாவைச் சொல்கிறேன்.

"யோவ், இன்னாய்யா இது."

நைனா எட்டிப் பார்த்தார். "எறா."

"எறானு எனக்குத் தெரியாதா?"

நைனா தலையைச் சொறிந்தார். அந்த மனிதருக்குக் கோபமே வராது. அதுவே அம்மாவுக்குப் பாதி வியாதி. "திரும்பிப் போய் வரதுன்னா பூசை முடிஞ்சிடும். இருக்கறதோட போலாம்மே. சாமி துணியவா பாக்கப் போறாரு?"

"சாமி பாக்கமாட்டாரு. எங்கண்ணன் பாப்பாரு."

அவள் எங்களைத் திரும்பிப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்துத் தம்பி டவுசரையும் கழற்றிவிட்டுச் சேற்றில் உட்கார்ந்திருந்தான். அண்ணன் கோயில் வாசலில் நின்று சொன்னது அப்படியே அவள் கண்ணெதிரில் இருந்தது. அம்மா குண்டானை மூடினாள். குழந்தையோடு மறுபடி படகில் ஏறி, கரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

பக்கத்துப் படகில் வந்தவள் ஒரு சேலை தருகிறேன் என்றாள். "எரவல் துணியில அண்ணன் முன்னால நிக்க மாட்டேன்" என்று அம்மா சொல்லிவிட்டாள். பிறகு நைனாவிடம், "நீ போய்ப் பேசு. எனக்கு ஜுரம், புள்ளைங்கள வூட்ல வுட்டுட்டு வந்தேனு சொல்லு. ஜுரம் வுட்டதும் நானே புள்ளைங்கள இட்டுனு வரேன்னு சொல்லு. இதுங்க பூசை பாக்கட்டும், ஆனா அவரு கண்ணுல படக்கூடாது" என்றாள். என்னிடம், "ஏய், கோயில் பின்னாடியே நில்லுங்க. மாமா போனப்புறம்தான் முன்னாடி வரணும்" என்றாள்.

பிறந்த நாள் கொண்டாடப் போய்க் கோயிலுக்குப் பின்னால் ஒளிந்து நின்ற குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். சன்னலில் எக்கிப் பார்த்தேன். குடிலில் நிஜமான வைக்கோல், நட்சத்திரத்துக்குள் பல்பு. எங்கள் வயதுப் பிள்ளைகள் சரிகை ரிப்பனோடு முன்வரிசையில் இருந்தார்கள். தங்கை, "என்னையும் தூக்கு, என்னையும் தூக்கு" என்று என் பாவாடையை இழுத்து அவிழ்த்தேவிட்டாள். தம்பி சுவரில் ஒன்றுக்கு அடித்தான். எனக்கு அன்றைக்கு இயேசு பாலன் உட்பட எல்லாப் பிள்ளைகள் மேலும் கோபம் வந்தது.

பூசை முடிந்தது. கூட்டம் கலைந்தது. நைனா வாசலில் கைகட்டி நின்றார். கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்து நாங்களும் பார்த்தோம். வந்தவர்கள் எல்லோரும் நைனாவைக் கடந்து போனார்கள். ஒவ்வொரு வெளியூர் முகம் வரும்போதும் நைனா ஒரு எட்டு முன்னால் வைத்தார், பிறகு பின்னால் வைத்தார். உபதேசியார் வந்து கதவைச் சாத்தினார். "யாருக்குப்பா நிக்கற?" என்றார். "வரேன்னு சொன்னாரு" என்றார் நைனா. அதன் பிறகும் ரொம்ப நேரம் நின்றோம். பொன்னேரி பஸ் ஒன்று வந்தது. அதிலும் அவர் இறங்கவில்லை.

கரைக்குத் திரும்பும் வழியில் நைனா குந்தி உட்கார்ந்து எங்கள் மூன்று பேரையும் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "இன்னா கேட்டாலும் மாமா வந்தாருனு சொல்லணும். ஜுரம்னு நைனா சொன்னாரு, சரினு சொல்லிட்டு மாமா பஸ்ஸுக்குப் போயிட்டாரு. அவ்ளோதான். வரலனு தெரிஞ்சா ஒங்கம்மா தாங்கமாட்டா."

நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்தை வைத்துக்கொண்டு அந்த மனிதர் செய்த காரியத்தைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. அதையும் ஐந்து வயதுப் பயலை நம்பிச் செய்தார் பாருங்கள்.

படகில் ஏறியதும் அம்மா கேட்டாள். நைனா சொல்லிக்கொடுத்தபடியே சொன்னார். அம்மா பெருமூச்சு விட்டு, "சரினு சொன்னாரா. சரி, போவட்டும்" என்றாள். அதோடு முடிந்திருக்கும். தம்பிக்கு அது போதவில்லை.

"மாமா எனக்கு முட்டாய் குடுத்தாரு" என்றான்.

"ஒனக்கா? ஒன்ன எப்படிப் பாத்தாரு?"

"நா ஓடிப்போய் நின்னேன். ஆரஞ்சு முட்டாய் குடுத்தாரு. ஒங்கம்மா எங்கனு கேட்டாரு. அப்பால அழுதாரு."

நைனாவின் கழி தண்ணீரில் நின்றது. அம்மா என்னைப் பார்த்தாள். நான்தான் பெரியவள், நான் பொய் சொல்லமாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். "அழுதாரா? ஆமாவாடி?"

நான் நைனாவைப் பார்த்தேன். அவர் ஏரியைப் பார்த்தார்.

"ஆமாம்மா" என்றேன்.

அம்மா அதுவரை அடக்கி வைத்த அழுகை அப்போதுதான் வந்தது. "இவ்ளோ கிட்டக்க ஒக்காந்துனு இருந்தேனே. எழுந்து நாலு எட்டு வச்சிருந்தா பாத்திருப்பேனே" என்று மாரில் அடித்துக்கொண்டாள். குழந்தையும் கூடச் சேர்ந்து வீறிட்டது. காற்று சாதகமாக இருந்தும் அந்தப் பயணம் எங்களுக்கு முடியவே இல்லை.

வீட்டுக்கு வந்தால் துணிக் குண்டான் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. சமைக்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் அம்மா எழுந்து முகம் கழுவி, எங்கள் எல்லோருக்கும் புதுத்துணியைப் போட்டு, சுவரோரம் வரிசையாக நிற்க வைத்தாள். தம்பி அன்று மட்டும் சட்டையைக் கழற்றவில்லை. அம்மா எதிரில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்குப் பசி. எப்போது போகச் சொல்வாள் என்றுதான் நின்றேன்.

அவள் அதன் பிறகு அண்ணன் வீட்டுக்குப் போகவே இல்லை. "கண்ணீர் வுட்டுக் கேட்ட மனுசன ஒளிஞ்சினு அனுப்புனவ நானு. எந்த மூஞ்சிய வச்சினு போவேன்?" என்பாள். அவர் பக்கமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. அது அவருடைய கோபம், நியாயமான கோபம் என்று இவளே முடிவு கட்டிக்கொண்டாள். வராத மனிதருக்கு எங்கிருந்து கோபம் வரும்? எட்டு வருஷம் கழித்து அவர் இறந்த செய்திகூடப் பத்து நாள் தாமதமாகத்தான் ஏரிக்குள் வந்தது. கல்லறைக்கு என்னைத் துணைக்குக் கூட்டிப் போனாள். ஈரம் காயாத மண்ணில் உட்கார்ந்து, "நா படகுலதான் ஒக்காந்துனு இருந்தேண்ணா" என்று சொன்னாள். எனக்குப் பதினெட்டு வயது. அவள் சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டேன்.

திரும்பி வந்து நைனாவிடம் சண்டை போட்டேன். "உண்மைய சொல்லிடு நைனா. ஏன் இப்படி அம்மாவ நோகடிக்கிற?"

"அன்னிக்கே சொல்லியிருக்கணும்" என்றார். "இப்ப சொன்னா, அண்ணனும் வரல, புருசனும் புள்ளைங்களும் சேந்து ஏமாத்திட்டாங்கனு ஆயிடும். வேணாம்மா."

அவரும் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷமாகிறது. தங்கைக்கு அந்த நாளில் ஞாபகம் இருப்பது குண்டான் மட்டும். தம்பியிடம் போய்க் கேட்கலாம் என்றால், அவனுக்கு இப்போது ஐம்பத்து மூன்று வயது. மாமா முட்டாய் கொடுத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது என்கிறான். சத்தியம் வேறு செய்கிறான். அந்தப் பயலை நான் என்னதான் செய்வது, சொல்லுங்கள்.

போன கிறிஸ்துமஸுக்கு அம்மா என் வீட்டில்தான் இருந்தாள். இப்போது காது கொஞ்சம் மந்தம், கண் தெளிவு. சாப்பாடு முடிந்ததும் என் பேத்தியைப் பிடித்து உட்கார வைத்துக் கதையை ஆரம்பித்தாள். குண்டான், இறால், படகு. "எங்கண்ணன் அழுதாராம்டி, நா கல்லாட்டம் ஒக்காந்துனு இருந்தேன்" என்று தன் தலையில் தானே தட்டிக்கொண்டாள். எண்பத்தொரு வயதுக் கிழவி, நல்ல நாளும் அதுவுமாக, செய்யாத குற்றத்துக்கு. எனக்குப் பொறுக்கவில்லை. கேக் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அம்மா, போதும். மாமா அன்னிக்கு வரவே இல்ல. நைனா சொல்லச் சொன்னதத்தான் நாங்க சொன்னோம். சின்னவன் அழுதாருனு இட்டுக்கட்டினான். நா ஆமானு சொன்னேன். உம்மேல ஒரு தப்பும் இல்ல."

அவள் என் பக்கம் திரும்பினாள். அழுவாள் என்று நினைத்தேன், திட்டுவாள் என்று நினைத்தேன்.

"நீ கோயிலு பின்னாடிதானே நின்ன" என்றாள். "நான்தானே நிக்கச் சொன்னேன். பின்னாடி நின்னவளுக்கு முன்னாடி வந்தவரு எப்படித் தெரியும்? செத்துப்போன மனுசன் மேல பழி போடாத."

"இல்லம்மா, கடைசியில நாங்க முன்னாடி வந்து..."

"சும்மா இரு."

 இவ்வளவு வருஷம் பயந்து பயந்து வைத்திருந்ததை எடுத்து வைத்தால், வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. எழுந்து போய்விடலாம் என்று முட்டியில் கை ஊன்றினேன். அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். பேத்தி வெளியே ஓடிவிட்டிருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. அம்மாவின் குரல் இறங்கிவிட்டது.

"வந்தாருல்ல?" என்றாள்.

அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் பத்து வயதில் நான் படகில் பார்த்த அதே கேள்விதான். இப்போது பக்கத்தில் நைனா இல்லை, சொல்லிக்கொடுக்க.

"வந்தாரும்மா" என்றேன். அவள் பிடி தளரவில்லை. அதனால் யாரும் கேட்காததையும் நானே சேர்த்துச் சொன்னேன். "வெள்ளச் சட்ட போட்டுனு வந்தாரு."